மாதிரி எடுத்த இடம்

ஜூலை 3, புதன்

துணைவேந்தர் கூப்பிட்டு அனுப்பினார். என்னை அவர் கூப்பிடுவது வழக்கமாகத் துறையை மூடுவது பற்றிப் பேசத்தான். தத்துவத் துறையில் முதுகலைக்கு இந்த வருடம் நான்கு பேர். போன வருடம் ஆறு. அதனால் பதில்களைத் தயார் செய்துகொண்டு போனேன். அவர் மேசையிலிருந்த காகிதத்தை என் பக்கம் திருப்பினார்.

"இசக்கியப்பன், பயன்பாட்டு அறவியல் மையம்னு ஒண்ணு தொடங்கணும். மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் சேர்த்து. அடுத்த வருஷம் தர மதிப்பீட்டுக் குழு வருது. உங்களை விட்டா யாரு இருக்கா?"

ஒருங்கிணைப்பாளர் நான். எல்லாத் துறை மாணவர்களுக்கும் வாரம் ஒரு வகுப்பு, ஆசிரியர்களுக்கு மாதம் ஒரு கூட்டம். ஐம்பத்திரண்டு வயதில் இந்த வளாகத்தில் முதல்முறையாக யாருக்கோ தேவைப்படுகிறேன்.

வீட்டுக்குப் போனபோது என் மனைவி வள்ளிமயில் அப்போதுதான் தபால் நிலைய வேலை முடிந்து வந்திருந்தாள். "அறவியல்னா? பள்ளிக்கூடத்துல நன்னெறி எடுப்பாங்களே, அதா?" என்றாள். இல்லை, வேலையில், ஆய்வில், அலுவலகத்தில் எது சரி எது தப்பு என்று யோசிக்கக் கற்றுக்கொடுப்பது என்றேன். "நல்லதுதான். முதல்ல குக்கர் கேஸ்கட் வாங்கிட்டு வாங்க. மூணு நாளா சொல்லுதேன்" என்றாள்.

வாங்கி வந்தேன். அளவு தப்பு.

ஜூலை 17, புதன்

தொடக்க விழா. அறுபது நாற்காலி போட்டோம். ஆசிரியர்கள் பதினான்கு பேர் வந்தார்கள். தேநீருக்குப் பிறகு ஒன்பது. அதில் இரண்டு பேர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்கள்.

அறிவியல் புல முதன்மையர் பேராசிரியர் தாணுமூர்த்தி தலைமை. முன்பு நுண்ணுயிரியல் துறைத் தலைவராக இருந்தவர். நேர்மை ஓர் ஆய்வாளனின் மூச்சு என்று பேசினார். நன்றாகவே பேசினார். நான் மேடையில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தேன். புகைப்படத்தில் அப்படித்தான் விழுந்திருக்கிறது.

ஜூலை 18

கேஸ்கட் மாற்றியாயிற்று.

ஜூலை 26, வெள்ளி

நேற்று ஆசிரியரல்லாத பணியாளர்களுக்குக் கூட்டம். தவறு செய்தவர் அதை ஒருவரிடமாவது சொல்லிவிட வேண்டும், சொல்வதற்கு ஓர் இடம் வேண்டும், இந்த மையம் அந்த இடமாக இருக்கும் என்று பேசினேன். எழுதி வைத்துப் பேசியதல்ல. வாயில் வந்தது.

இன்று மதியம் ஞானசெல்வி என் அறைக்கு வந்தாள். நுண்ணுயிரியல் ஆய்வக உதவியாளர். நாற்பது வயதிருக்கும். கதவைச் சாத்தலாமா என்று கேட்டுவிட்டுச் சாத்தினாள்.

எட்டு வருடத்துக்கு முன் நடந்ததைச் சொன்னாள். ஆண்கள் விடுதியில் மூன்று பேருக்கு மஞ்சள் காமாலை. மேல்நிலைத் தொட்டிக் குழாயிலிருந்து அவள்தான் தண்ணீர் மாதிரி எடுத்தாள். சோதனையில் சாக்கடை கலந்திருப்பது தெரிந்தது. அந்த வியாழக்கிழமை தர மதிப்பீட்டுக் குழு வருவதாக இருந்தது. துறைத் தலைவர் தாணுமூர்த்தி அவளைக் கூப்பிட்டு, துறையிலிருந்த சுத்திகரிப்பு இயந்திரக் குழாயில் இன்னொரு பாட்டில் பிடிக்கச் சொன்னார். 'மாதிரி எடுத்த இடம்: ஆண்கள் விடுதி' என்று அதில் அவள் கையால் எழுதினாள். அறிக்கை 'குடிக்கத் தகுந்தது' என்று போனது. குழு வந்து போன பிறகுதான் தொட்டியைக் கழுவினார்கள். அடுத்த மூன்று நான்கு வாரத்தில் இன்னும் எட்டுப் பையன்கள் படுத்தார்கள். அப்போது அவள் தற்காலிகப் பணியாளர். அடுத்த வருடம் நிரந்தரம் ஆனாள்.

"அதுக்காகத்தான் பண்ணினேனான்னு எனக்கே தெரியல சார். பயத்துல பண்ணினேன். அப்புறம் நிரந்தரம் வந்துச்சு. ரெண்டையும் பிரிச்சுப் பாக்க முடியல."

நிறைய அழவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"நீங்க அப்போ விடுதித் துணைக் காப்பாளரா இருந்தீங்க. உங்களுக்குத் தெரியாததில்ல. அதான் உங்ககிட்ட வந்தேன்."

இது இந்த அறையைத் தாண்டாது என்று சொன்னேன். "சத்தியமா சார்?" என்று கேட்டாள். சத்தியமாக என்றேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

மூன்றாவது வகுப்பு. இருநூறு பேருக்கான அரங்கில் எண்பது பேர். வருகைப் பதிவுக்காக வந்தவர்கள். விளைவு முக்கியமா, கடமை முக்கியமா என்று நாற்பது நிமிடம் பேசினேன். கடைசி மூன்று வரிசையும் கைப்பேசியில் குனிந்திருந்தன. ஒருவன் வாயைத் திறந்தபடி தூங்கினான்.

வெளியே வரும்போது துணைவேந்தரின் உதவியாளர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஐயா கேட்டாங்க, கூட்டம் எப்படி வருதுன்னு. செப்டம்பர்ல ஒரு பரிசீலனை இருக்கு சார்."

ஆகஸ்ட் 20, செவ்வாய்

இன்றைய வகுப்பை மறக்க முடியாது.

பாடத்தை விட்டுவிட்டு ஒரு நேர்வை, விவாதிப்பதற்கான ஒரு சம்பவத்தை, சொன்னேன். ஒரு தனியார் கல்லூரி. பெண்கள் விடுதி. ஆய்வகத்தில் வேலை செய்யும் திருமதி க. அவர் தண்ணீரைச் சோதிக்கிறார், கெட்டிருக்கிறது. மேலதிகாரி வேறொரு குழாயில் பாட்டில் பிடிக்கச் சொல்கிறார். வியாழக்கிழமை ஒரு குழு வருகிறது. திருமதி க. யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. பிடித்து, எழுதி, கையெழுத்துப் போடுகிறார். பிறகு வேலை நிரந்தரமாகிறது. திருமதி க. செய்தது என்ன?

கைப்பேசிகள் கீழே போயின. ஒரே நேரத்தில் ஐந்து கைகள். "கொலை முயற்சி சார் இது!" என்று ஒருவன் எழுந்தான். "அவங்களுக்குக் குடும்பம் இருக்கும்ல?" என்றாள் ஒரு பெண். மணி அடித்த பிறகும் இருபது பேர் போகாமல் நின்று சண்டை போட்டார்கள். இருபத்தாறு வருட ஆசிரிய வாழ்க்கையில் இப்படி ஒரு வகுப்பு எனக்கு நடந்ததில்லை.

பெயரை மாற்றிவிட்டேன். கல்லூரியை மாற்றிவிட்டேன். ஆணைப் பெண்ணாக்கிவிட்டேன், அதாவது விடுதியை. யாருக்கும் தெரிய வாய்ப்பில்லை.

ஆகஸ்ட் 21, புதன்

துணைவேந்தருக்குச் செய்தி போயிருக்கிறது. அந்த நேர்வை அச்சடித்து இணைப்புக் கல்லூரிகள் முப்பத்திரண்டுக்கும் அனுப்பச் சொன்னார். கட்டுரைப் போட்டி வைக்கச் சொன்னார்.

ஞானசெல்வியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமா என்று நினைத்தேன். கேட்டால் வீணாகப் பயப்படுவாள்.

வள்ளிமயில் மாவரைக்கும் கல்லைக் கழுவச் சொன்னாள். பாட்டுப் பாடிக்கொண்டே கழுவினேனாம். அவள் சொல்லித்தான் தெரிந்தது.

செப்டம்பர் 3, செவ்வாய்

அரங்கு நிறைந்துவிட்டது. இரண்டு பேராசிரியர்கள்கூட வந்து பின்னால் உட்கார்ந்தார்கள். திருமதி க.வைப் பெரும்பாலோர் கிழித்துத் தொங்கவிட்டார்கள். எல்லோரும் பிடித்துக்கொண்டது ஒன்றைத்தான்: ஒருவரிடமாவது சொல்லியிருக்கலாமே, ஏன் சொல்லவில்லை?

கணிதம் முதுகலை படிக்கும் நஸ்ரின் என்ற பெண் கடைசியில் கை தூக்கினாள். மெதுவாகப் பேசுகிறவள்.

"சார், விடுதிக்குன்னு ஒரு வார்டன் இருப்பாங்கல்ல? தண்ணி எடுக்கும்போது அவங்க கையெழுத்து வேணாமா? கதையில அவங்க எங்க?"

இது சுருக்கப்பட்ட நேர்வு, எல்லாப் பாத்திரங்களும் இருக்காது என்றேன்.

"சரி சார்" என்று உட்கார்ந்தாள். ஆனால் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டாள்.

செப்டம்பர் 12

நேர்வு அச்சான சிறு நூல் வந்துவிட்டது. அட்டை பச்சை. என் பெயர் கொஞ்சம் பெரிதாகவே போட்டிருக்கிறார்கள்.

செப்டம்பர் 24, செவ்வாய்

நூலகத்துக்குப் பின்னால் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் ஞானசெல்வி எனக்காக நின்றிருந்தாள். கையில் பச்சை நூல்.

நுண்ணுயிரியல் துறையில் இரண்டு வாரமாக இதுதான் பேச்சாம். பழைய ஆட்களுக்கு அந்த வியாழக்கிழமை ஞாபகம் இருக்கிறது. அந்தக் காலத்தில் தற்காலிகமாக இருந்து நிரந்தரமானவள் அவள் ஒருத்திதான். முதுநிலை மாணவிகள் அவள் வந்தால் பேச்சை நிறுத்துகிறார்கள். ஒருத்தி அவள் கொண்டுவைத்த குடிநீர் பாட்டிலைத் தள்ளி வைத்துவிட்டு வெளியே போய் வாங்கிக் குடித்தாளாம்.

"மன்னிச்சிரு ஞானசெல்வி. பேரெல்லாம் மாத்தினேன்..."

"பேரை மாத்தினீங்க சார். எனக்கு அது பெரிசு இல்ல. தப்பு பண்ணினவ, நாலு பேர் பேசட்டும்." நூலைத் திறந்து ஒரு வரியில் விரலை வைத்தாள். "யாரிடமும் எதுவும் சொல்லவில்லைன்னு எழுதியிருக்கீங்களே. சொன்னேனே சார். உங்ககிட்டதான சொன்னேன்."

ஒரு பையன் சைக்கிளை எடுக்க வந்தான். அவள் நூலை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் சொல்வது ஒரு வகையில் சரி. ஆனால் வாய்வார்த்தையாகச் சொல்வது வேறு, முறைப்படி தெரிவிப்பது வேறு.

செப்டம்பர் 25

காய்ச்சல் என்று விடுப்பு எழுதிக் கொடுத்தேன். காய்ச்சல் இல்லை.

அக்டோபர் 7, திங்கள்

அந்தக் காலத்து விடுதி மாணவர்கள் சிலருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறதாம். அதில் யாரோ என் நூலின் பக்கத்தைப் படமெடுத்துப் போட்டு, 'இது நம்ம விடுதிதானே?' என்று கேட்டிருக்கிறார்கள். இரண்டு பேர் பதிவாளருக்கு மனு அனுப்பிவிட்டார்கள். மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு போட்டாயிற்று. ஞானசெல்விக்கும் எனக்கும் தனித்தனியாகக் கடிதம். எழுத்துமூலமாக விளக்கம் தர வேண்டும்.

அக்டோபர் 9, புதன்

மாலை மழை. வாயிலில் நின்றிருந்தேன். தாணுமூர்த்தியின் கார் வந்து நின்றது. "ஏறுங்க, வீட்டுல விட்டுட்டுப் போறேன்."

வைப்பரை ஓடவிட்டு வண்டியை எடுத்தார். பிறகு சொன்னார்: "வர்ற மே மாசம் எனக்கு ஓய்வு. முப்பத்தி ரெண்டு வருஷம் சர்வீஸ். அன்னைக்கு இருந்த நெருக்கடி உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீங்க கதைதான எழுதினீங்க? கதைன்னே எழுதிக் குடுங்க. அந்தம்மா வேலையும் தப்பிக்கும். உங்க மையமும் தப்பிக்கும்."

அவர் மிரட்டவில்லை. அதை இங்கே பதிவு செய்ய வேண்டும். வீட்டு வாசலில் குடையைக்கூட எடுத்துக் கொடுத்தார்.

அக்டோபர் 10, வியாழன்

விளக்கம் கொடுத்துவிட்டேன். இரண்டே வாக்கியம்.

'மேற்படி நேர்வு வகுப்பறைப் பயன்பாட்டுக்காக நான் முழுக்கக் கற்பனையாக எழுதியது. இதுபோன்ற நிகழ்வை இப்பல்கலைக்கழகத்தில் எவரும் எக்காலத்திலும் என்னிடம் தெரிவித்ததில்லை.'

அவளைக் காப்பாற்ற இதைவிட வேறு வழியில்லை. உண்மையைச் சொன்னால் அவள் வேலை போகும். ஒரு பொய் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றுமென்றால் அந்தப் பொய் நியாயமா என்பது என் இரண்டாம் வாரப் பாடம்.

நாளை சரசுவதி பூசை. புத்தகங்களைத் தூசி தட்டினேன்.

அக்டோபர் 16, புதன்

ஞானசெல்வியைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்துவிட்டார்கள்.

அவள் உண்மையை எழுதிக் கொடுத்திருக்கிறாள். நான்கு பக்கம், கையால். தான் செய்ததையும், தாணுமூர்த்தி சொன்னதையும், முதல் சோதனையின் முடிவை என்னிடம் வந்து சொன்னதையும். என் விளக்கத்துக்கு ஒரு நாள் முன்பே கொடுத்திருக்கிறாள். அறவியல் சொல்லிக்கொடுக்கிறவர், எப்படியும் உண்மையைத்தான் எழுதுவார், அதற்கு முன் நாமே சொல்லிவிடுவோம் என்று பதிவாளர் அலுவலக எழுத்தரிடம் சொன்னாளாம். அந்த எழுத்தர்தான் என்னிடம் சொன்னார்.

ஆணையின் நகலைப் பார்த்தேன். 'மூத்த பேராசிரியர் மீதும் பிறர் மீதும் ஆதாரமற்ற குற்றச்சாட்டுகளைச் சுமத்தியது' என்பதற்காக. 'இது பொய் என்பதை அறவியல் மைய ஒருங்கிணைப்பாளரின் எழுத்துமூல விளக்கம் உறுதி செய்கிறது.'

என் விளக்கத்தின் இரண்டாவது வாக்கியத்தை யாரும் என்னிடம் கேட்கவில்லை. தாணுமூர்த்திகூடக் கேட்கவில்லை. நானாகச் சேர்த்தது.

அக்டோபர் 18

குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. பிளம்பர் வரவில்லை.

அக்டோபர் 22, செவ்வாய்

வகுப்பு. நஸ்ரின் வரவில்லை. அவளைத்தான் முதலில் தேடினேன். வராதது நிம்மதியாக இருந்தது.

அக்டோபர் 25

பிளம்பர் வந்தார். வாஷர் மாற்றினார். கடிதம் எழுதிப் பதிவாளருக்கு அனுப்பலாம் என்று உட்கார்ந்து தேதி மட்டும் எழுதினேன்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. பக்கத்து வீட்டுப் பலகாரங்கள். துணைவேந்தர் எல்லோருக்கும் வாழ்த்து அனுப்பியிருந்தார். என் பெயருக்குக் கீழே 'உங்கள் பணி பெருமைக்குரியது' என்று தனியாக ஒரு வரி.

நவம்பர் 2, சனி

வள்ளிமயிலுக்குத் தெரிந்துவிட்டது. ஞானசெல்வி பதிவுத் தபால் அனுப்ப அவளுடைய கவுண்டருக்கே வந்திருக்கிறாள். பதிவாளருக்கு மேல்முறையீடு. அனுப்புநர் முகவரியைப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டுக்காரரும் அங்கதான்" என்று இவள் சொல்லியிருக்கிறாள். ஞானசெல்வி, "தெரியும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு ரசீதை வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள்.

"அவ சொன்ன விதம் சரியில்ல. என்ன நடந்துச்சு?" என்றாள் வள்ளிமயில். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

சொல்லத் தொடங்கினேன். குழு, நெருக்கடி, அப்போதே என்னிடம் சொன்னதாக அவள் எழுதிக் கொடுத்தது, என் நோக்கம் என்று போய்க்கொண்டிருந்தேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அதெல்லாம் இருக்கட்டும். எட்டு வருஷத்துக்கு முந்தி அந்தப் பொண்ணு உங்ககிட்ட வந்து சொல்லிச்சா, இல்லையா?"

"சொன்னா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அதை இந்த நோட்டில்கூட நான் இதுவரை எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

அது செவ்வாய்க்கிழமை. ஞானசெல்வி விடுதி அலுவலகத்துக்கு மூச்சு வாங்க வந்தாள். "சார், தண்ணியில சாக்கடை கலந்திருக்கு. இன்னைக்கே பசங்களைக் குடிக்க வேண்டாம்னு சொல்லுங்க" என்றாள். முதல் மாதிரியை அவள் தொட்டிக் குழாயில் பிடித்தபோது நான் பக்கத்தில் நின்றிருந்தவன். மாதிரிச் சீட்டில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன். ஆகவே அது உண்மையென்று எனக்குத் தெரியும். நான் சொன்ன பதில்: "உங்க துறைத் தலைவர் எழுத்துல குடுக்கட்டும்மா. அப்புறம் பாப்போம்." மறுநாள் எழுத்தில் வந்தது, 'குடிக்கத் தகுந்தது' என்று. கூடவே இரண்டாவது பாட்டிலுக்கான சீட்டு. நான் எங்கேயும் போய் நிற்காமல், என் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அதிலும் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். வியாழக்கிழமை வந்த குழுவுக்கு விடுதியைச் சுற்றிக் காட்டினேன். அந்த வாரம் முழுக்க வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுபோய்க் குடித்தேன்.

வள்ளிமயில் வெங்காயத் தோலைக் கூட்டி ஒதுக்கினாள். பிறகு, "அந்த வாரம் எதுக்கு ரெண்டு பாட்டில் கேக்கிறீங்கன்னு நான் கேட்டேன். வெயில்னு சொன்னீங்க" என்றாள்.

நவம்பர் 4, திங்கள்

பத்து மணிக்குப் பதிவாளர் அறை. இரண்டாவது விளக்கம். என் முதல் விளக்கம் பொய் என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம். இரண்டு சீட்டுகளிலும் உள்ள கையெழுத்து என்னுடையது, இரண்டாவதை நான் பார்க்காமலே போட்டேன், ஞானசெல்வி அப்போதே என்னிடம் நேரில் சொன்னாள், ஜூலை மாதம் மறுபடியும் நம்பிக்கையின் பேரில் சொன்னாள், அதைத்தான் நேர்வாக்கினேன்.

பதிவாளர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "சார், இதை நான் வாங்கிட்டேன்னா திருப்பிக் குடுக்க முடியாது. ஒரு நாள் யோசிச்சுட்டு வாங்களேன்."

"இருபத்தஞ்சு நாளா யோசிச்சுட்டேன்" என்றேன்.

முத்திரை குத்தி நகலை என்னிடம் கொடுத்தார். வெளியே வந்ததும் மனம் லேசாகும் என்று எதிர்பார்த்தேன். பசித்தது, அவ்வளவுதான்.

நவம்பர் 12, செவ்வாய்

வகுப்பு எடுக்க வேண்டாம் என்று வாய்மொழி உத்தரவு. இருந்தாலும் அரங்குக்குப் போனேன். நஸ்ரின் உட்பட முப்பது பேர் இருந்தார்கள். கதையில் விடுபட்ட வார்டன் நான்தான் என்று சொன்னேன். திருமதி க. சொன்னார், என்னிடம் சொன்னார் என்று சொன்னேன். யாரும் கை தூக்கவில்லை. விவாதமும் இல்லை. ஒரு பையன் எழுந்து பையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். பின்னாலேயே மற்றவர்களும்.

நஸ்ரின் கடைசியாகப் போனாள். வாசலில் திரும்பி, "அந்தம்மாவைப் பத்தி நான் கட்டுரை எழுதி பரிசு வாங்கினேன் சார். ரொம்ப மோசமா எழுதியிருந்தேன்" என்றாள்.

நவம்பர் 29, வெள்ளி

ஆணைகள் வந்தன. தாணுமூர்த்தி முதன்மையர் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்படுகிறார், ஓய்வு வரை பேராசிரியராகத் தொடர்வார். ஞானசெல்வியின் தற்காலிகப் பணிநீக்கம் ரத்து. ஆனால் பொய்யாகப் பதிவு செய்ததைத் தானே ஒப்புக்கொண்டிருப்பதால் கண்டனம், எண்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள உறுப்புக் கல்லூரிக்கு இடமாற்றம். எனக்குக் குற்றக் குறிப்பாணை, இனி நிர்வாகப் பொறுப்பு கிடையாது. அறவியல் மையம் மேலாண்மைத் துறைக்குப் போகிறது. பச்சை நூல்களைத் திரும்பப் பெறச் சொல்லிக் கல்லூரிகளுக்குக் கடிதம்.

மூன்று பேரில் உண்மையை முதலில் சொன்னவளுக்குத்தான் ஊர் மாற்றம்.

டிசம்பர் 6, வெள்ளி

ஞானசெல்வியின் கடைசி நாள் இங்கே. ஆய்வகத்துக்குப் போனேன். மேசையைக் காலி செய்துகொண்டிருந்தாள். ஒரு டிபன் பாக்ஸ், ஒரு ஸ்வெட்டர், மாதா படம். உட்காரச் சொல்லவில்லை. நான் நின்றேன்.

"நீங்க எழுதிக் குடுத்ததுனாலதான் திரும்ப வேலை சார். அதுக்கு நன்றி சொல்லணும், சொல்றேன்."

"நன்றி எல்லாம்..."

"சொல்லி முடிச்சிக்கிறேன் சார். எட்டு வருஷம் இதை மனசுல வச்சிருந்தேன். வீட்டுக்காரர்கிட்டகூடச் சொன்னதில்ல. உங்ககிட்ட சொல்லிட்டுப் போன அன்னைக்கு ராத்திரி நல்லாத் தூங்கினேன். அதுக்கு முந்தி எப்பத் தூங்கினேன்னு ஞாபகம் இல்ல." மாதா படத்தைத் துணியில் சுற்றினாள். "இனிமே எதுன்னாலும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாக்கூட சாமியார் முகத்தைப் பாத்துட்டு வேற எதையாவது சொல்லிட்டு வந்திருதேன்."



பை நிறைந்துவிட்டது. ஜிப் மூடவில்லை. நான் பிடித்துக்கொண்டேன், அவள் இழுத்தாள்.

"சுடலைமணியை ஞாபகம் இருக்கா சார்?" என்றாள்.

இருந்தது. பின்னால் காமாலையில் படுத்த எட்டுப் பேரில் அவன்தான் மோசம். இயற்பியல் இரண்டாம் ஆண்டு. இரண்டு மாதம் ஆஸ்பத்திரி. திரும்பி வரவேயில்லை.

"ஊருல மோட்டார் காயில் கட்டுற கடை வச்சிருக்கானாம். மனு அனுப்பின ரெண்டு பேர்ல அவன் இல்ல. அவன்கிட்ட யாரும் சொல்லியிருக்கவும் மாட்டாங்க. நான் போகணும்னுதான் இருந்தேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ரெண்டு தடவை போயிட்டேன்." முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தாள். "நீங்க போங்க சார். நீங்கதான அவனுக்கு வார்டன்."

டிசம்பர் 8, ஞாயிறு

போகவில்லை. மழை.

டிசம்பர் 15, ஞாயிறு

காலை ஏழரைப் பேருந்து. திருச்செந்தூர் சாலையில் இறங்கி உள்ளே இரண்டு கிலோமீட்டர். தெருப் பெயர் தெரியாது. காயில் கட்டும் கடை என்றதும் காட்டினார்கள். கடையும் வீடும் ஒன்றே. முன்னால் பழைய மோட்டார்கள், செம்புக் கம்பிச் சுருள்கள்.

அவனுக்கு இருபத்தேழு இருபத்தெட்டு இருக்க வேண்டும். கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் என்னை உடனே கண்டுகொண்டான். "வார்டன் சார்! வாங்க, வாங்க" என்று கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு நாற்காலி எடுத்துப் போட்டான். குடிக்கக் கலர் வாங்கி வர ஓடப் பார்த்தான். நான் தடுத்து உட்கார வைத்தேன்.

சொன்னேன். இந்த முறை சுற்றி வளைக்கவில்லை. விடுதித் தண்ணீரில் சாக்கடை கலந்திருந்தது. எனக்கு அது செவ்வாய்க்கிழமையே தெரியும். உங்களிடம் சொல்லவில்லை. அதைக் குடித்துத்தான் உனக்கு வந்தது.

கையில் இருந்த கம்பியைச் சுற்றிக்கொண்டே கேட்டான். முடித்ததும் சுற்றுவதை நிறுத்தினான்.

"அப்ப அந்தப் புரோட்டாக் கடை இல்லையா சார்?"

எனக்குப் புரியவில்லை.

"நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருந்தீங்கல்லா? மாணவர்கள் வெளிக்கடையில சாப்பிடறதுனாலதான் நோய் வருதுன்னு. எங்கப்பா என்னைக் கூட்டிட்டுப் போக வந்தப்போ அதைப் படிச்சாரு. நான் வாரம் ரெண்டு நாள் புரோட்டா சாப்பிடுவேன். அதைச் சொல்லிச் சொல்லித் திட்டுவாரு. உன் நாக்கு ருசிக்குப் படிப்பைத் தின்னுட்டியேலேன்னு. சாகுத வரைக்கும் சொன்னாரு. ரெண்டு வருஷமாச்சு அவரு போயி." கம்பியைக் கீழே வைத்தான். "நானும் அப்படித்தான் சார் நினைச்சிட்டிருந்தேன். என் தப்புன்னு."

அந்த அறிவிப்பை எழுதியவன் நான். நானே தட்டச்சு செய்து, நானே ஒட்டினேன். அதை ஒட்டிய ஞாபகமே எனக்கு இல்லாமல் இருந்தது. பதிவாளருக்குக் கொடுத்த ஒன்றரைப் பக்கத்திலும் அது இல்லை.

திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்றுதான் பேருந்து ஏறினேன். அவன் எழுந்து உள்பக்கம் பார்த்து, "எம்மா, இங்க வா" என்று கூப்பிட்டான்.

"சார், இதை அம்மாகிட்டயும் சொல்லிருங்க. நான் சொன்னா நம்பாது. தப்பிக்கிறதுக்குச் சொல்லுதேன்னு நினைக்கும்."

அவன் அம்மா ஈரக்கையோடு வந்து நிலைப்படியில் நின்றாள். வார்டன் என்றதும் கும்பிட்டாள். நான் எழுந்து நின்று சொன்னேன். தண்ணீர், எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை, உங்கள் பையன்மேல் தப்பில்லை. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மகனைப் பார்த்தாள்.

"என்னலே சொல்லுதாவ?"

"அம்மாவுக்குக் காது மந்தம் சார்" என்றான் சுடலைமணி. "கொஞ்சம் சத்தமாச் சொல்லணும்."

இன்னும் சத்தமாகச் சொன்னேன். அவள் காதில் கையை வைத்துக் கொஞ்சம் முன்னால் வந்தாள். எதிர் வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். பக்கத்துச் சைக்கிள் கடையில் பம்பு அடிக்கும் சத்தம் நின்றது.

மூன்றாம் தடவை, தெருவுக்கே கேட்கும்படி, முதலிலிருந்து சொன்னேன்.